ஓரமும் ஓரவஞ்சனையும்

ஆண்டுதோறும் ஜனவரியில் சாலைப் பாதுகாப்பின் பெயரால் ஒரு சடங்கு நடந்தேறுகிறது. பள்ளிப் பிள்ளைகள் பதாகை ஏந்தி ஊர்வலம் போகிறார்கள். முடிவில் பெரியவர்கள் பேசுகிறார்கள். சைக்கிளில் போகிறவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையின் சாரம் எப்போதும் ஒன்றுதான்: ஓரமாகப் போக வேண்டும். அப்பெரியவர்களை ஏற்றிவந்த கார்களின் ஓட்டுநர்களுக்கு அங்கே எந்த உபதேசமும் இல்லை. மோதும் வல்லமை உடையவரை விட்டுவிட்டு, மோதப்படுகிறவருக்கு ஒழுக்கம் போதிக்கும் இவ்வழக்கத்தை நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

'ஓரம்' என்ற சொல்லருகே சற்று நிற்கலாம், இலக்கியம் பேசுமிடத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்காகவேனும். விளிம்பு என்பது அதன் ஒரு பொருள். பட்சபாதம் என்பது மற்றொன்று. வழக்கில் ஒருபக்கம் சாய்ந்து பேசுவதை 'ஓரஞ்சொல்லுதல்' என்றார்கள் முன்னோர். ஓரவஞ்சனை இன்றும் நம் வீடுகளில் புழங்குகிற சொல். சைக்கிள்காரரை ஓரத்துக்கு விரட்டும் நம் நீதியில் இரு பொருளும் ஒருசேர அமைந்துவிடுகின்றன.

அந்த ஓரம் எப்படிப்பட்டது? நெய்வேலி நகரியத்தின் சாலை மரங்களை வெளியூர்க்காரர்கள் வியந்து பேசுவார்கள். அம்மரங்களின் சருகும் காற்று ஒதுக்கிய மணலும் சேருமிடம் சாலையின் விளிம்பு. தார் முடிந்து மண் தொடங்குமிடத்தில் சக்கரம் இறங்கிவிட்டால் மீண்டும் ஏறும்போது வண்டி சரியும். நிறுத்திவைத்த காரின் கதவு திடீரெனத் திறப்பதும் ஓரமாகப் போகிறவரின் பாதையில்தான். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. விளிம்பை ஒட்டிப் போகிறவர், பின்னால் வருபவருக்குத் தம்மையறியாமல் ஓர் அனுமதியை வழங்கிவிடுகிறார்: இந்த இடைவெளியில் நீங்கள் நுழைந்து போகலாம். பேருந்தும் அப்படியே நுழைகிறது. கைப்பிடிக்கும் தகரத்துக்கும் இடையே ஒரு சாண் மிஞ்சுகிறது. விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளிப் போகும் சைக்கிளோ தெளிவாகக் கண்ணில் படும். பின்னால் வருபவர் பொறுத்திருந்து, நன்கு விலகித்தான் முந்த முடியும். ஜெர்மனியில் ஊருக்குள் சைக்கிளை முந்தும் மோட்டார் வாகனம் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2020இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நம்மூரில் அப்படிப் பொறுத்துப் போகும் ஓட்டுநரை அவருக்குப் பின்னால் வருபவர் ஹாரன் அடித்தே அவமானப்படுத்திவிடுவார்.

பிற ஊர்களுக்கு நெரிசல் பகை. நகரியத்துக்கோ விசாலமே பகை. 1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1961இல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்த காலத்தில், திட்டமிட்டு எழுப்பிய ஊர் இது. வட்டம் வட்டமாகப் பிரித்து, நேரான அகன்ற சாலைகளை வகுத்தார்கள். அகன்ற சாலை காலியாகக் கிடந்தால் கால் தானாகவே ஆக்ஸிலேட்டரை அழுத்தும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டிய வண்டி 60இல் வந்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. பதாகை பிடிக்கும் பிள்ளைகள் இதை இயற்பியல் வகுப்பில் படித்திருக்கிறார்கள்.

ஊர் உருவாகிக்கொண்டிருந்த அதே நாட்களில், 1962இல், இந்தியச் சாலைக் காங்கிரஸ் சைக்கிள் தடங்களுக்கென்று ஒரு நெறிமுறை வெளியிட்டது. மணிக்கு 200க்கு மேல் மோட்டார் வாகனங்கள் ஓடும் சாலையில் 100 சைக்கிள்கள் வந்தாலே தனித்தடம் அமைப்பது நியாயம் என்றது அது. ஆகவே இது நேற்று மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான ஆசை அன்று. மிதிவண்டி என்றும் ஈருருளி என்றும் பெயர்சூட்டி மகிழ்ந்த நாம் அதற்கொரு தடம் தந்தோமில்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையின்றிச் சைக்கிள் வழங்கும் அரசும், அதை எங்கே ஓட்டுவது என்பதை அவர்கள் சாமர்த்தியத்துக்கே விட்டுவிட்டது.

இப்போது கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலரே தனித்தடம் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அக்கறை சைக்கிள்காரர் மீதா என்றால் இல்லை. தம் வழியிலிருந்து அவரை அகற்றிவிடுவதே நோக்கம். தடம் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு வெள்ளைக்கோடு தடமாகிவிடாது. மோட்டார் வாகனங்கள் சைக்கிள் தடத்தில் ஓடக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளிலேயே இருந்தது. இருந்தும் 2008இல் தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை அமைத்த விரைவுப் பேருந்துச் சாலையின் சைக்கிள் தடத்தை மோட்டார் சைக்கிள்கள் எடுத்துக்கொண்டன. 2016இல் அந்தப் பேருந்துத் திட்டத்தையே பெயர்த்தெறிந்தார்கள். தவிர, தடம் எங்கே அறுந்துபோகிறதோ அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது: சந்திப்புகளில். நேராகப் போகும் சைக்கிளை முந்திக்கொண்டு லாரி இடப்புறம் திரும்பும். வலப்புற இருக்கையில் அமர்ந்த ஓட்டுநரின் கண்ணுக்கு இடது சக்கரத்தருகே இருப்பவர் தெரிவதில்லை. வட்டத்துக்கு வட்டம் சந்திப்பு உள்ள ஊரில், அங்கெல்லாம் அறுந்துபோகும் தடம் சைக்கிள்காரரைப் பலிமேடை வரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடாகவே முடியும்.

சாலை வரி கட்டாதவருக்குச் சாலையில் என்ன உரிமை என்றொரு வாதமும் உண்டு. நகரியத்தில் இதைச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இங்குள்ள சாலைகளை நிறுவனமே அமைத்தது, நிறுவனமே பராமரிக்கிறது. அந்நிறுவனம் சுற்றியுள்ள கிராமங்கள் இழந்த நிலத்தின்மீது நிற்கிறது. அக்கிராமங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக, வீட்டுவேலை செய்பவராக, கீரை விற்பவராக விடியற்காலையில் சைக்கிள் மிதித்து வருகிறவரைப் பார்த்துத்தான் இக்கேள்வி எழுப்பப்படுகிறது.

இரவில் விளக்கின்றி வருவதும், எதிர்த்திசையில் வருவதும், கை காட்டாமல் திரும்புவதும் தவறுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் 20 கிலோ சைக்கிளின் தவறும் 20 டன்னுக்கு மேல் கனக்கும் டிப்பரின் தவறும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல. முன்னதன் விலையை அதை ஓட்டுகிறவரே செலுத்திவிடுகிறார்.

நகரியத்துக்குள் செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. குடியிருப்பு வட்டங்களில் வேகம் 30ஐத் தாண்டாதபடி சாலையையே குறுக்கி அமைக்கலாம். தடத்துக்கும் சாலைக்கும் நடுவே மோட்டார் சைக்கிள் ஏற முடியாத உயரத்தில் விளிம்புக் கல் பதிக்கலாம். சந்திப்புகளில் தடத்தை அறுக்காமல் அதே மட்டத்தில் தூக்கிக் கொண்டுபோனால் திரும்பும் வண்டி அதன்மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். நிறுவனப் பேருந்துகளையும் ஒப்பந்த லாரிகளையும் ஓட்டுகிறவர்களுக்கு 1.5 மீட்டர் இடைவெளியை வேலை நிபந்தனையாகவே விதிக்கலாம். இவையெல்லாம் ஒரே நிர்வாகத்தின் கைக்குள் இருப்பவை. ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஓடும் தேசிய நெடுஞ்சாலை வேறு துறையின் பொறுப்பு. அதைக் குறுக்கே கடந்து வருகிறவர்களும் இதே சைக்கிள்காரர்கள்தாம் என்பதால், அதைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது.