ஆணியும் நூலும் கணக்குதான்!



டிராயிங் ஹாலில் நாம் எல்லோரும் நீள்வட்டம் போட்டவர்கள்தான். இரண்டு வட்டம், பன்னிரண்டு பிரிவு, புள்ளிகளைச் சேர்த்தால் வளைவு. மார்க் வந்தாச்சு, ஷீட்டைச் சுருட்டியாச்சு! ஆனால் 10 அடி வாசலுக்கு அரை நீள்வட்ட ஆர்ச் ஒன்றை நிஜ அளவில் தரையில் வரையச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் வரைவோம்?

முதலில், அரை வட்டம் இருக்க அரை நீள்வட்டம் எதற்கு? 10 அடி அகலத்துக்கு அரை வட்டம் போட்டால் உயரம் 5 அடி வந்தே தீரும். நீள்வட்டமென்றால் 3 அடியிலும் முடிக்கலாம். இங்கிலாந்தில் மெய்டன்ஹெட் என்ற ஊரில், தேம்ஸ் நதி மேல் புருனல் கட்டிய ரயில் பாலம் 1839-ல் திறக்கப்பட்டது. செங்கல் ஆர்ச்தான். அகலம் 128 அடி, உயரம் வெறும் 24 அடி. விழுந்துவிடும் என்றார்கள். இன்றும் ரயில் ஓடுகிறது!

என் அப்பா கொத்தனார். பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் அந்த 10 அடி ஆர்ச்சை எப்படி வரைவார் தெரியுமா? உச்சிப் புள்ளியில் 5 அடி நூலைப் பிடித்து, அது அடிக்கோட்டைத் தொடுகிற இரண்டு இடத்திலும் ஆணி அடிப்பார். மையத்திலிருந்து சரியாக 4 அடி வரும். 3, 4, 5 - பிதாகரஸ்! பிறகு 10 அடி நூலின் இரு முனையையும் ஆணிகளில் கட்டி, பென்சிலால் விறைப்பாக இழுத்துக்கொண்டே போவார். வளைவு தானாக விழும். நாம் குவியம் என்று மனப்பாடம் செய்வது அந்த ஆணியைத்தான்.

அரை வட்டத்தில் எல்லாச் செங்கல் இணைப்பும் ஒரே மையத்தைப் பார்க்கும். நீள்வட்டத்தில் ஒவ்வொன்றும் வேறு திசை. அதற்கும் நூலே வழி சொல்கிறது: பென்சில் நிற்கும் இடத்தில் நூலின் இரு கைகளுக்கு இடையே உள்ள கோணத்தைச் சரிபாதியாக்கினால் இணைப்புக் கோடு கிடைத்துவிடும்.

அப்படியானால் படிப்பு வீணா? இல்லவே இல்லை. வளைவின் நீளம் எவ்வளவு என்று கேட்டால் நூல் கணக்குச் சொல்லாது. வளைவின் மேலேயே நூலை ஒட்டி அளந்தால்தான் உண்டு. நீள்வட்டச் சுற்றளவுக்கு எளிய, துல்லியமான சூத்திரமே கிடையாது. கும்பகோணத்தில் படித்த நம் ராமானுஜன் 1914-ல் தந்த தோராயச் சூத்திரத்தைப் போட்டால், இந்த ஆர்ச்சுக்கு 12.76 அடி என்று உட்கார்ந்த இடத்திலேயே வந்துவிடும். அதை அப்பாவுக்கு நான் சொல்லலாம். ஆணி அடிக்கும் இடத்தை அவர் எனக்குச் சொல்லலாம்.

படித்தவன் வரைந்தால் கணக்கு, படிக்காதவர் வரைந்தால் வெறும் கைப்பழக்கம் என்ற பேச்சு இனி வேண்டாம். நாளை நாம் சூப்பர்வைசராக நின்று வேலை சொல்லப்போவது அவர்களிடம்தானே?

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை ஒன்றே. வரும் ஆண்டில் ஒரு நாள், மூத்த கொத்தனார் ஒருவரை மரியாதையோடு அழைப்போம். திடலில் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு அரை நீள்வட்டத்தை நிஜ அளவில் வரையட்டும். செலவு? இரண்டு ஆணி, ஒரு நூல்கண்டு!

– இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு