இழப்பீடு என்ற சொல்லுக்கு அமெரிக்கா ஏன் அஞ்சுகிறது?

உதவித்தொகை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கப் போனபோது ஓர் அலுவலகத்தில் என்னிடம் சொன்னார்கள்: “சும்மா கொடுக்கிற காசுதானே, வரும்போது வாங்கிக்கோங்க.” உரிமைக்குச் ‘சலுகை’ என்று பெயர் வைத்துவிட்டால் கொடுப்பவர் வள்ளலாகிவிடுவார், கேட்பவர் கையேந்துபவராகிவிடுவார். இட ஒதுக்கீட்டு விவாதங்களில் நாம் அன்றாடம் பார்க்கும் தந்திரம் இது. காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் முப்பது ஆண்டுகளாக அமெரிக்கா இதையேதான் செய்துவருகிறது.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து உலகம் இதுவரை வெளியேற்றிய கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, உலக மக்கள்தொகையில் 4 விழுக்காடு மட்டுமே கொண்ட அமெரிக்காவினுடையது. கடல் ஏறிவந்தால் தங்கள் தீவுகளுக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்ட, பணக்கார நாடுகள் பணம் போடும் நிதி ஒன்று வேண்டும் என்று வனுவாட்டு 1991இலேயே கேட்டது. ‘இழப்பு மற்றும் சேத நிதி’ அமைக்க ஒப்புக்கொள்ளவே 2022 ஆகிவிட்டது.

இடையில் நடந்ததைப் பாருங்கள். வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது என்று 1997இல் அமெரிக்க செனட் 95–0 என்று தீர்மானம் போட்டது. கியோட்டோ உடன்படிக்கையை அந்நாடு கடைசிவரை ஏற்கவில்லை. 2015 பாரிஸ் மாநாட்டில், ஒப்பந்தத்தின் 8ஆவது பிரிவு பொறுப்பேற்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்ற வரியை மாநாட்டு முடிவில் சேர்க்கவைத்தது ஒபாமா அரசு. எந்தச் சூழலிலும் இழப்பீடு தரமாட்டோம் என்று 2023இல் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார் பைடனின் தூதர் ஜான் கெர்ரி. அதே ஆண்டு துபாயில் ஜெர்மனி 10 கோடி டாலர் அறிவித்தபோது அமெரிக்கா அறிவித்தது 1.75 கோடி. 2025இல் டிரம்ப் அரசு அந்த நிதியத்தின் குழுவிலிருந்தே வெளியேறியது.

டிரம்பைத் திட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால் இழப்பீடு என்ற சொல்லை மறுப்பதில் இரு கட்சிகளும் ஒன்றுதான். ‘இன்று அதிகம் வெளியேற்றுவது சீனா’ என்பார்கள். உண்மை, சீனாவையும் கேட்க வேண்டும். அதனால் அமெரிக்காவின் பழைய கணக்கு அழிந்துவிடாது.

அந்தக் கணக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் முயற்சியை 2019இல் தொடங்கியவர்கள் பசிபிக் தீவுகளின் சட்டக் கல்லூரி மாணவர்கள். வனுவாட்டு அரசு அதைக் கையிலெடுத்தது. இருக்கும் ஒப்பந்தங்களே போதும் என்று சர்வதேச நீதிமன்றத்தில் அமெரிக்கா வாதிட்டது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு தர வேண்டிவரலாம் என்று 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் கருத்துரைத்தது. அது யாரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல. ஆனாலும், வாயிலேயே வரக்கூடாது என்று அமெரிக்கா தடுத்துவந்த சொல் இப்போது சட்டத்தின் மொழிக்குள் வந்துவிட்டது.

நாம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. இந்திய அரசு உலக அரங்கில் ‘வரலாற்றுப் பொறுப்பு’ பேசுகிறது, சரிதான். 2004 சுனாமி காலநிலை மாற்றத்தால் வந்ததல்ல. ஆனால் அப்போது நாகப்பட்டினத்தில் நிவாரணம் சேரிகளைத் தவிர்த்துச் சென்றதை நாம் மறக்கவில்லை. வாஷிங்டனிடம் கேட்கும் கணக்கை டெல்லியிடமும் நம் ஊரிடமும் கேட்போம்.