எண்ணூர் கழிமுகத்துக்கு எந்த வரிசையில் சிகிச்சை?

1/ மூச்சு வாங்குதுன்னு ஒருத்தர் வந்தா முதல்ல விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுவோம். ஆத்துத் தண்ணிக்கும் அந்தப் பரிசோதனை உண்டு மக்களே. ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் கரைஞ்சிருக்கு?

2/ மீன் வாழ குறைந்தது 4, நாம குளிக்க 5. இது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். சாக்கடை கலந்தால், அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்களே ஆக்சிஜனைக் காலி பண்ணிடும்.

3/ ஆனா இந்த ஒரு டெஸ்ட் போதாது. பூண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் தாண்டி வரும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைச் சேருது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து அடியில் படிஞ்சிருக்கு.

4/ நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம் போன்றவை இருக்கும். கொதிக்க வைத்தாலும் இவை போகாது. குழந்தையின் மூளையைப் பாதிக்கும் ஈயத்துக்கு 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது. அதனால் தண்ணியோடு சேறு, நண்டு, இறாலையும் சோதிக்கணும்.

5/ 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சேர்ந்தது. மீனவர்கள் படகில் போய் வாளியால் அள்ளியதை எல்லோரும் செய்திகளில் பார்த்தோம்.

6/ தூர்வாரினால் சரியாகிடுமா? தூர்வாருவது அவசியம். ஆனால் கசிவை நிறுத்தாமல் தூர்வாருவது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் கால் புண்ணுக்கு மட்டும் கட்டுப் போடுவது போல. புண் ஆறாது.

7/ என் கருத்தில் சிகிச்சை வரிசை இதுதான்:
👉 முதலில் சாம்பல், சாக்கடை, ஆலைக்கழிவு வரத்தை நிறுத்தணும்.
👉 அடுத்து படிஞ்ச சாம்பலை அகற்றணும்.
👉 ஓதம் பழையபடி உள்ளே வந்து போன பிறகுதான் அலையாத்தி நடணும்.
கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தால் போட்டோ மட்டும்தான் மிஞ்சும்.

8/ நீரிழிவுக்கு மூணு மாத சராசரி பார்க்கிறோமே, அது போல தண்ணி, சேறு, நண்டு முடிவுகளை மூணு மாசத்துக்கு ஒருமுறை தமிழில், மீனவ ஊர்களிலேயே ஒட்டணும். இடுப்பளவு தண்ணியில் நின்று கையால் இறால் பிடிப்பவர்களுக்குத்தான் அது முதலில் தெரியணும்.

9/ 'நான் எண்ணூரில் இல்லையே டாக்டர்' என்கிறீர்களா? வடசென்னையின் மழை வெள்ளம் வடிகிற வாய் அது. சாம்பல் படியப் படிய ஆழம் குறையும், வெள்ளம் தெருவில் நிற்கும்.

10/ அடுத்த முறை 'சீரமைப்புத் திட்டம்' என்று அறிவிப்பு வந்தால் ஒரே கேள்வி கேளுங்க: "கசிவு எப்போ நிற்கும்?" பதிலில் தேதி இல்லைன்னா, சிகிச்சை இன்னும் ஆரம்பிக்கவில்லை.