அந்த மஞ்சள் அழுக்கு இல்லைங்க

முதலில் எங்கள் குற்றத்தை ஒத்துக்கொண்டு விடுகிறோம். பசறைப் பக்கம் ஒரு லயத்தில் இருக்கும் பெரியம்மா (எங்களில் ஒருத்தனுக்குத்தான் சொந்தம், ஆனா எல்லோருக்கும் பெரியம்மா) வீட்டு அலுமாரி மேல ஒரு பிளாஸ்டிக் ரோபோ பொம்மை நின்றது. ஒரு காலத்தில் வெள்ளை. நாங்கள் பார்த்தபோது பழைய பல் மாதிரி மஞ்சள். "புதுசு மாதிரி ஆக்கித் தாறோம் பெரியம்மா" என்று வாங்கி வந்தோம்.

யூடியூபில் எல்லோரும் காட்டுகிற அதே முறைதான். தலைமுடி நிறம் மாற்ற சலூனில் பாவிக்கிற 40 வொலியூம் கிரீம், அதாவது 12 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட். பிரஷ்ஷால தடவி, பொலித்தீனில் சுற்றி, தகரக் கூரையில் வெயிலுக்கு வைத்தோம். கையுறை போடாத ஒருத்தனுக்கு விரல் நுனியெல்லாம் வெளுத்து, இரவு முழுக்க எரிச்சல். பின்னேரம் எடுத்துப் பார்த்தா ரோபோவின் முன்பக்கம் பால் மாதிரி. முதுகில் கிரீம் காய்ந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக மேகம். நெஞ்சு ஸ்டிக்கரின் சிவப்பு போயே போச்சு. இருந்தாலும் முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துப் போட்டோம். லைக்குக்குக் குறைவில்லை. ஒருத்தர் விலையும் கேட்டார்.

பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலுக்கடியில பேர் இருந்துச்சே, அது எங்க?" என்றார்.

அவர் மகனுடைய பெயர். குவைத்தில் வீட்டு வேலைக்கு இருந்தபோது, பொம்மையை வாங்கிய அன்று இரவே பேனையால் எழுதினாராம். 1990 ஆகஸ்டில் ஈராக் இராணுவம் குவைத்துக்குள் நுழைந்ததும் ஜோர்தான் வழியாக ஒரு பையோடு திரும்பி வந்தார். அந்தப் பையில் இருந்தது இது. மை அழிவதற்கு முதல் அந்தக் காலடியை ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் இப்போது சண்டைக்கு வருகிறோம். பழைய பொம்மையை வெளுக்கவைக்கும் இந்த வெறி நமக்கு வேண்டாம்.

முதலில் கொஞ்சம் வேதியியல். இந்தப் பொம்மைகளில் நிறைய ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனவை. லெகோ கம்பெனி 1963இல் மாறியது இதற்குத்தான். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் மூன்றும் சேர்ந்தது. இதில் பியூட்டாடையீன்தான் நோஞ்சான். புறஊதாக் கதிரும் ஒட்சிசனும் பட்டால் அது மெல்ல மெல்ல உடைந்து, மஞ்சளாகத் தெரியும் கூறுகளாக மாறுகிறது. பழைய கணினிப் பெட்டிகளில் தீப்பிடிக்காமல் இருக்கக் கலந்த புரோமின் சேர்மங்கள் மீதும் பழி உண்டு. ஸ்டார் வார்ஸ் வெள்ளைச் சிப்பாய்கள், 1985இல் வந்த ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ் ஜெட்ஃபயர் எல்லாம் மஞ்சளாவதற்கே பேர் போனவை. பழைய அமிகா கணினிப் பிரியர்கள்தான் 2008 அளவில் பெரொக்சைட்டும் புறஊதா வெளிச்சமும் சேர்த்து வெளுக்கும் இந்த வித்தைக்கு 'ரெட்ரோபிரைட்' என்று பேர் வைத்துப் பரப்பினார்கள்.

அது செய்வது என்ன? நிறத்தை எடுக்கிறது. உடைந்த பிளாஸ்டிக்கை ஒட்டவைப்பதில்லை. நொறுங்கத் தொடங்கிய கை வெள்ளையாக நொறுங்கும், அவ்வளவுதான். பெட்டிக்குள் இருட்டில் வைத்தும் மறுபடி மஞ்சளானதாகச் செய்தவர்களே எழுதுகிறார்கள். அப்புறம் திரும்ப கிரீம், திரும்ப வெயில்.

நம்ம லயத்துப் பொம்மைகளில் இரண்டு மஞ்சள் இருக்கு என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்று அடுப்புப் புகை. விறகு எரிகிற காம்பராவில் முப்பது வருடம் நின்ற எந்தச் சாமானிலும் புகையும் எண்ணெயும் படலமாக ஒட்டியிருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர், சவர்க்காரம், பழைய பல் தூரிகை போதும், போய்விடும். மற்றது பிளாஸ்டிக்குக்குள்ளேயே நடந்தது. நாங்கள் முதல் மஞ்சளைக் கழுவிவிட்டு, இரண்டாவதைச் சும்மா விட்டிருக்கலாம்.

அந்த இரண்டாவது மஞ்சளை வாசிக்கலாம், தெரியுமா? பெரியம்மாவின் ரோபோவுக்கு இடது பக்கம்தான் அதிக மஞ்சள், ஜன்னல் அந்தப் பக்கம் இருந்ததால். முதுகில் ஒரு நீளச் சதுரம் மட்டும் வெள்ளையாக இருந்தது. பல வருடம் பின்னால் ஒரு சாமிப் படம் சாய்த்து வைத்திருந்தார்களாம். நம்ம சாமானுக்கு பில் கிடையாது, பெட்டி கிடையாது, பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவும் பெரும்பாலும் கிடையாது. எங்கே, எப்படி இருந்தது என்பதற்கு இருந்த ஒரே பதிவை நாங்கள் ஒரு நாள் வெயிலில் அழித்தோம்.

ஹப்புத்தளைக்குப் போய் அடிசம் பங்களாவைப் பாருங்கள். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது, இப்போது துறவிகள் மடம். பழைய தளபாடத்தை மக்கள் காசு கொடுத்து, மரியாதையோடு பார்க்கிறார்கள். அந்த மரம் கறுத்திருக்கிறதே, சுரண்டி எடுங்கள் என்று யாராவது சொல்வார்களா? துரைமார் வீட்டு மரம் பழசானால் அது அன்டிக். தோட்டத்துத் தாய் வெளிநாட்டில் பாத்திரம் கழுவி வாங்கிவந்த பிளாஸ்டிக் பழசானால் அது ஊத்தை. இந்தக் கணக்கை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கம்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைப் பழைய லயத்திலேயே வைத்திருக்கிறார்கள். கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் நம் வரலாறு என்று ஒத்துக்கொள்கிறோம். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து, பெண்கள் சாரை சாரையாக மத்திய கிழக்குக்குப் போன காலத்தின் வரலாறு எதில் இருக்கிறது? பெரும்பாலும் பிளாஸ்டிக்கில். பேட்டரி ரோபோ, கண் மூடித் திறக்கும் பொம்மை, கரண்ட் இல்லாத லயத்துக்கு வந்து சேர்ந்த டிவி கேம். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, லயங்களோடு இப்படி எத்தனை சாமான் மண்ணுக்குள் போனதோ. மிச்சம் இருப்பதையாவது நாமே வெளுக்காமல் இருக்கலாம்.

"வறுமையை அழகு பார்க்கிறீங்க, நாங்க மட்டும் பழைய மஞ்சள் சாமானோட இருக்கணுமா?" என்று எங்கள் கூட்டத்துக்குள்ளேயே ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. உங்க வீட்டுப் பொம்மை, உங்க பிள்ளை விளையாட வேணும் என்றால் வெளுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு வழக்கில்லை. கிரீமை நன்றாகக் கழுவிவிட்டுக் கொடுங்கள். எங்கள் வழக்கு வேறு ஆட்களோடு. லயம் லயமாக வந்து நூறு இருநூறு ரூபாவுக்குப் பழைய சாமான் வாங்கி, வெளுத்து, 'மின்ட் கண்டிஷன்' என்று பல மடங்கு விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளுத்தது என்று ஒரு வரி கூடப் போடுவதில்லை. வாங்குகிறவனுக்கும் அது ஏமாற்று. விற்ற அம்மாவுக்கு அதன் மதிப்பே சொல்லப்படவில்லை.

யாராவது வீட்டுக்கு வந்து கேட்டால் உடனே கொடுக்காதீங்க. முதலில் போனை எடுத்து நாலு பக்கமும், முக்கியமாக அடிப்பக்கமும், பேட்டரி மூடியைத் திறந்து உள்பக்கமும் போட்டோ எடுங்க. யார் வாங்கினது, எந்த ஊரில், எந்த வருடம் என்று வீட்டில் பெரியவங்களிடம் கேட்டு எழுதி வையுங்க. விற்பதா இல்லையா என்பதை அதுக்குப் பிறகு நீங்களே முடிவெடுங்க.

ரோபோ இப்போது பழையபடி அலுமாரி மேலேதான் நிற்கிறது. போன மாதம் போனபோது பார்த்தோம், ஜன்னல் பக்கத்துக் கழுத்தில் லேசாக மஞ்சள் விழ ஆரம்பித்திருக்கிறது. பெரியம்மா தேத்தண்ணி கொடுத்தார். பெயரைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.