நிறமும் சுவையும் வாடையும் மாறாத கேடு

நீர் தூயதா என்பதை அறிய நம் ஃபிக்ஹ் நூல்கள் மூன்று அடையாளங்களைக் கற்றுத் தருகின்றன: நிறம், சுவை, வாடை. இவற்றில் ஒன்றேனும் நஜீஸினால் மாறிவிட்டால் அந்நீரைக் கொண்டு உளூச் செய்தல் கூடாது. மத்ரஸாவின் தொடக்க வகுப்பிலேயே நம் பிள்ளைகள் மனனம் செய்யும் சட்டம் இது. ஆயின், இம்மூன்றில் எதையும் மாற்றாமலே நீரில் கலந்து நிற்கும் ஒரு கேடு நம் காலத்தில் பெருகியுள்ளது. அது, நாம் நோய் தீர விழுங்கும் மருந்தின் மிச்சம்.

நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. அதில் ஐயமில்லை. ஆனால் உண்ட மருந்து முழுவதும் உடலில் செரித்துவிடுவதில்லை. ஒரு பகுதி கழிவுடன் வெளியேறிச் சாக்கடை வழியே ஆற்றைச் சென்றடைகிறது. காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டும் பழக்கமும், ஆலைகளின் கழிவும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. 104 நாடுகளில் 258 ஆறுகளின் நீரைச் சோதித்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. சோதித்த இடங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில், ஏதேனும் ஒரு மருந்தாவது அச்சத்துக்குரிய அளவில் இருந்தது.

நம் நாட்டு நிலையோ இன்னும் கவலைக்குரியது. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெறும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். அந்நீரில் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். அதாவது, சுத்திகரித்து வெளியேற்றிய நீரே மருந்துக் கரைசலாக ஓடியது.

இந்த இடத்தில்தான் வல்ல அல்லாஹ்வின் கண்ணுக்குத் தெரியாத படைப்பொன்றை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாக்கள் தம் நொதிகளால் பெரிய மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக உடைத்து, அவற்றையே உணவாக்கிக்கொள்கின்றன. சுத்திகரிப்பு நிலையங்களில் காற்றூட்டப்படும் தொட்டிகளில் நடப்பது இதுவே. பாரசிட்டமாலையும் இபுபுரோஃபெனையும் அவை பெரும்பாலும் சிதைத்துவிடுகின்றன. ஆண்டிபயாட்டிக் மருந்துகளையே உணவாகக் கொண்டு வளரும் மண் பாக்டீரியாக்களும் கண்டறியப்பட்டுள்ளன. தக்க பாக்டீரியாக்களைத் தேர்ந்து வளர்த்து மருந்துக் கழிவைச் சிதைக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்து வருகின்றன. இறைவன் எதையும் வீணுக்குப் படைக்கவில்லை என்ற நம் நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

எனினும், "எல்லாவற்றையும் பாக்டீரியா பார்த்துக்கொள்ளும்" என்று நாம் ஓய்ந்துவிட இடமில்லை. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமஸெபைன் பெரும்பாலும் சிதையாமல் தொட்டியைக் கடந்து சென்றுவிடுகிறது. வலி நிவாரணியான டைக்ளோஃபினாக் அரைகுறையாகவே நீங்குகிறது. சில மருந்துகள் முற்றிலும் அழியாமல் வேறொரு பொருளாக உருமாறி நிற்கின்றன. இவை எல்லாவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. ஆண்டிபயாட்டிக் கலந்த நீரில் பிழைத்து வாழும் பாக்டீரியா, அம்மருந்தை எதிர்க்கும் ஆற்றலையும் பெற்றிருக்கும். அந்த ஆற்றலை அது நோய்க்கிருமிகளுக்கும் கடத்தக்கூடும். கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டியே, மருந்துக்கு அடங்காத கிருமிகளின் பாசறையாகவும் ஆகலாம். நாளை நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது மருந்து பலிக்காமல் போனால், அதன் வேர் இன்றைய சாக்கடையில் இருக்கக்கூடும்.

ஆகவே, கேட்டை அது தோன்றும் இடத்திலேயே குறைப்பது நம் கடமை என்கிறோம். "இது விஞ்ஞானிகளின் வேலை, தீனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கலாம். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். 1978இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் அவை, நஜீஸின் அடையாளங்கள் முற்றிலும் நீங்குமாறு சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் தூய்மையானதே என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், உடலுக்குத் தீங்கு நேருமாயின் அந்நீரைத் தவிர்க்க வேண்டும். நஜீஸ் என்பதற்காக அன்று, தீங்கு என்பதற்காக என்றும் உணர்த்தியது. நம் மார்க்கம் தூய்மையோடு நின்றுவிடவில்லை; தீங்கின்மையையும் கேட்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மருத்துவர் எழுதித் தராமல் ஆண்டிபயாட்டிக் வாங்காதிருப்போம். எழுதித் தந்ததை அவர் சொன்ன நாள்வரை உட்கொள்வோம். தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பதும் இஸ்ராஃப்தான். மிஞ்சியதைக் கழிப்பறையிலோ குளத்திலோ கொட்டாதிருப்போம். வீடுகளில் மிஞ்சும் மருந்தைத் திரும்பப் பெறும் திட்டத்தைக் கேரள அரசு தொடங்கியுள்ளது. அத்தகைய ஏற்பாட்டை நம் மாவட்டங்களிலும் கோரி ஜமாஅத்துகள் மனு அளிக்கலாம். சமுதாய அறக்கட்டளைகள் நடத்தும் மருத்துவமனைகள் தம் கழிவுநீரை முறையாகச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும். நன்கொடை தருவோர் இதையும் கேட்டறிய வேண்டும். ஜும்ஆ பயானில் ஒரு வாரம் இதற்கென ஒதுக்கினால் எத்தனையோ வீடுகளுக்குச் செய்தி சென்றடையும்.

நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஹவுளில் நாம் அள்ளும் ஒரு கை நீர், நமக்கு முன் எத்தனையோ உயிர்களைக் கடந்து வந்தது. நமக்குப் பின் எத்தனையோ உயிர்களுக்குச் செல்ல இருப்பது. அதைக் கெடுக்காமல் அடுத்தவர் கையில் சேர்க்கும் நல்லோராக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.