கோயில் போனாலும் ஏடு போகக் கூடாது

சந்திரகிரிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜ மகாலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1598இல் இங்கே வந்த இயேசு சபைப் பாதிரியார்களுக்கு, விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயர் தேவாலயம் கட்ட அனுமதி கொடுத்தார். அந்தப் பாதிரியார்களின் சமயப் பணி இங்கே நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் அவர்கள் சபை மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள் ஐரோப்பாவில் பத்திரமாக இருந்தன. அவற்றைக் கொண்டுதான் ஹென்றி ஹெராஸ் பாதிரியார் 1927இல் வெளியிட்ட, அந்த மன்னரின் ஆரவீடு வம்ச வரலாற்றில் இந்தக் கதையை எழுத முடிந்தது. நம் கிராமத்துச் சிற்றாலயங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் குறித்த பதிவேடுகளைப் பழைய பீரோவிலேயே கரையான் அரித்துவிடுகிறது. பெயர், தகப்பன் பெயர், ஊர், ஞானப் பெற்றோர் என ஒரே வரியில் ஒரு குடும்பமே அதில் இருக்கிறது. நிலமும் பட்டாவும் இல்லாத ஏழைக்குத் தாத்தாவைப் பற்றிய ஒரே எழுத்துச் சான்று அதுவாகவே இருக்கலாம். மறைமாவட்டங்களும் திருச்சபைகளும் இந்த ஏடுகளை உடனே ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை அரசு ஆவணக் காப்பகத்திலும் வைக்க வேண்டும்.