வட்டவடையில் பூண்டு வாங்குங்கள்

மூணாறுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் டாப் ஸ்டேஷனோடு திரும்பிவிடுகிறார்கள். மேகம் விலகினால் கீழே தேனிப் பக்கத்துச் சமவெளியைப் பார்க்கிறார்கள், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்றைத் தின்கிறார்கள், வண்டியைத் திருப்புகிறார்கள். அங்கிருந்து பாம்பாடும் சோலை வழியாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் வட்டவடை. தனியாக ஓர் அயலூர்க் கடைத்தெருவில் சனி ஞாயிறைக் கழிக்க நினைக்கிறவர்கள் பாங்காக்குக்கும் கொழும்புக்கும் டிக்கெட் பார்க்கிறார்கள். போகட்டும், அதுவும் நல்லதுதான். ஆனால் மதுரையிலிருந்து விடியற்காலை கிளம்பி போடிமெட்டு ஏறினால் மதியத்துக்குள் எட்டிவிடக்கூடிய இந்த ஊர், மாநிலம் மாறியும் பேச்சு மாறாத இந்த ஊர், எனக்குக் கற்றுக்கொடுத்தது அதிகம்.

வழியே ஒரு பாடம். டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. கேரளச் சாலையில் போய், தமிழ்நாட்டுக்குள் கால் வைத்து, மறுபடி கேரளத்துக்குள் இறங்க வேண்டும். 1908 முதல் மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் இந்த இடத்துக்கு வந்து, கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று இன்றும் சொல்கிற 1924 பெருவெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்தது. பாதைதான் அழிந்தது. இந்த மலையில் விளைவது தமிழ்ச் சமவெளிக்கு இறங்குகிற வழக்கம் அழியவில்லை. தேயிலை போன திசையில்தான் இன்று முட்டைக்கோசும் பூண்டும் போகின்றன.

பாம்பாடும் சோலை 2003இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 1.32 சதுர கிலோமீட்டர்தான். கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. சோதனைச்சாவடியில் வண்டி எண்ணைப் பதிந்துகொண்டு அனுப்புகிறார்கள். உள்ளே நிறுத்தக் கூடாது. இருட்டும் ஈரமுமாகக் காடு கொஞ்ச நேரம் கூடவே வந்து சட்டென்று முடிகிறது. எதிரே மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பட்டாணி, பூண்டு, இடையிடையே ஸ்ட்ராபெரி. ஒருகாலத்தில் இதே சரிவில் கேழ்வரகும் கோதுமையும் நெல்லும் விளைந்தன.

கோவிலூர்தான் இங்கே கடைத்தெரு. ஜீப்புகள் நிற்கிற ஒரு முக்கு, சில மளிகைக் கடைகள், உரக்கடை, தேநீர்க் கடைகள், மூட்டை ஏற்றக் காத்திருக்கிற வண்டிகள். வெளிநாட்டுச் சந்தைப் படங்களில் வருகிற வண்ணக் குவியல் எதுவும் இல்லை. காய்கறி விளைகிற ஊரில் காய்கறிக் கடை தேடினால் கிடைப்பது அரிது. விளைவதெல்லாம் விடியும் முன் சாக்குக்குள் போய்விடுகிறது. நான் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து, மூட்டைகள் எடைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்:

“தம்பிக்கு எந்த ஊரு?”

“மதுரைங்கய்யா.”

“அப்ப நம்ம ஊருதான். எங்க முன்னோரு மதுரையில இருந்து வந்தவங்க.”

இதை வட்டவடையில் யாரிடம் பேசினாலும் கேட்கலாம். படையெடுப்புக்கு அஞ்சி மலையேறியவர்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். காட்டுக் குடிகளில் வாழும் முதுவர் பழங்குடியினரும் மதுரையையே தங்கள் பழைய ஊராகச் சொல்கிறார்கள். எந்த மன்னர் காலம், எந்தப் படை என்பதில் ஆளுக்கொரு கதை இருக்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தாய்வீடு இருக்கிறது என்ற நினைப்பில் இரண்டாவது கருத்து இல்லை. பொங்கலுக்கு இங்கே மாடு விரட்டுகிறார்கள். கடைத்தெருவில் பேரமும் சண்டையும் தமிழில் நடக்கின்றன. அரசு அலுவலகப் பலகைகளில் மட்டும் மலையாளம்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. அவற்றைத் தமிழகத்தோடு சேர்க்க நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் நடத்திய போராட்டம் கன்னியாகுமரியோடும் செங்கோட்டையோடும் நின்றுபோனது. அந்தப் பழைய வழக்கைத் திரும்பத் திறக்க இதைச் சொல்லவில்லை. எல்லைக்கோட்டை நாம் வரைபடத்தில் பார்க்கிறோம். வட்டவடைக்காரர்கள் தினமும் அதைத் தாண்டி விலை கேட்கிறார்கள். கோவிலூரிலிருந்து கொடைக்கானல் மலையின் கிளாவரைக்கு நடந்தே போய்விடலாம். சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போவதென்றால் மூணாறு, போடி, பெரியகுளம் என்று சுற்றி ஒரு முழுப் பகல்.

இனி விலைக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே அதுதான்.

இங்கே சிறு விவசாயி விதைக்கும் உரத்துக்கும் பெரும்பாலும் வியாபாரியிடம்தான் முன்பணம் வாங்குகிறார். முன்பணம் வாங்கியவர் காயை அந்த வியாபாரிக்கே போட வேண்டும். எடை அவருடையது, கழிவு அவருடையது, விலையும் அவர் சொல்வதுதான். காய் தமிழ்நாட்டு மண்டிகளுக்கு இறங்குகிறது. கேரளத்தின் சமையலறைகளோ ஒட்டன்சத்திரம் போன்ற அதே தமிழ்நாட்டுச் சந்தைகளை நம்பி இருக்கின்றன. ஆகவே வட்டவடை கேரட் ஒன்று மலையிறங்கி, மண்டியில் கைமாறி, வாளையாறோ குமுளியோ வழியாகத் திரும்பக் கேரளத்துக்குள் நுழைந்து, எறணாகுளத்து வீட்டுச் சாம்பாருக்குப் போகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒருவருக்கு ஏதோ கிடைக்கிறது. குனிந்து பிடுங்கியவருக்கு வந்தது முதலில் சொன்ன விலை மட்டும். அரசுக் கொள்முதல் இருக்கிறதே என்று கேட்டால், “குடுக்கலாம் தம்பி, காசு எப்ப வரும்?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். காய்கறி விவசாயிக்கு மூன்று மாதம் கழித்து வருகிற பணம் அடுத்த விதைப்புக்கு உதவாது. அதனால்தான் உடனே பணம் தருகிற வியாபாரியிடம் போகிறார். வியாபாரியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

பூண்டின் கதை கொஞ்சம் வேறு. காந்தளூர் – வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் கிடைத்தது. ஒரே மலைத்தொடரின் இரு பக்கத்துக்கும் இரு மாநிலங்களின் பெயரில் இரு சான்றிதழ்கள்! பல் சிறியது, காரம் பெரிது. ரசத்தில் ஒன்றைத் தட்டிப் போட்டால் வீடு முழுக்க மணக்கும். தாளோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே புகைபடும்படி தொங்கவிடுகிறார்கள். அப்படிப் புகை ஏறிய பூண்டு மாதக்கணக்கில் கெடாது. அதிலிருந்தே அடுத்த விதையும் எடுக்கிறார்கள். ஒரு வீட்டு அக்கா என்னை உள்ளே அழைத்துத் தன் அடுப்படியைக் காட்டினார். கரிபடிந்த கூரையில் வரிசையாகப் பூண்டுக் கட்டுகள். “இது விக்கிறதுக்கில்ல, விதைக்கு” என்று முதலிலேயே சொல்லிவிட்டு, விற்பனைக்கு வைத்திருந்ததை வேறு மூலையிலிருந்து எடுத்து வந்தார். சொன்ன விலையைக் கொடுத்து வாங்கினேன். பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வடுகபட்டிதான் மலைப்பூண்டுக்குப் பேர்போன சந்தை. இங்கே விளைந்த பூண்டும் அங்கே போகிறது. வடுகபட்டியில் ஏலம் எப்படி என்ற சேதி வட்டவடை அடுப்படி வரை தெரிந்திருக்கிறது.

சரிவுகளில் இன்னொன்றும் கண்ணை உறுத்தியது. வயல்களுக்கு நடுவே நெட்டநெடுகலாக யூகலிப்டஸ் தோப்புகள். ‘கிராண்டிஸ்’ என்கிறார்கள். காய்கறி கட்டுப்படியாகாத நிலத்திலும், வெளியூர்க்காரர் வாங்கிப்போட்ட நிலத்திலும் இது ஏறிக்கொண்டது. வேலையாள் வேண்டாம், வெட்டினால் காசு. ஊற்று வற்றியதற்கு இந்த மரத்தைத்தான் கைகாட்டுகிறார்கள் விவசாயிகள். கேரள அரசும் இதை வெட்டி அகற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. காய்கறிக்கு நியாயமான விலை கிடைத்திருந்தால் கிராண்டிஸ் இவ்வளவு தூரம் ஏறியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அழகை மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. இதே ஊரில் சக்கிலியர் சமூகத்தாருக்கு முடிதிருத்தும் கடைகளில் முடிவெட்ட மறுத்தார்கள். முடி வெட்டிக்கொள்ள மூணாறு போன்ற வெளியூர்களுக்குப் போக வேண்டியிருந்தது. 2020இல்தான் பஞ்சாயத்தே எல்லோருக்குமான பொது முடிதிருத்தகத்தைத் திறந்தது. ஒரு ஊரின் கடைத்தெருவை ரசிக்கிறவர், அந்தக் கடைகளுக்குள் யாரால் நுழைய முடியவில்லை என்பதையும் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த, 2018 ஜூலை 2ஆம் நாள் அந்த வளாகத்தில் குத்திக் கொல்லப்பட்ட அபிமன்யுவும் வட்டவடைப் பிள்ளைதான். விவசாயக் கூலிக் குடும்பம். ஊரில் ஒரு நூலகம் வேண்டும் என்பது அவன் ஆசை. பல இடங்களிலிருந்தும் மக்கள் அனுப்பிய புத்தகங்களோடு அவன் பெயரில் அது இப்போது இருக்கிறது. போகிறவர்கள் ஒரு மணி நேரமாவது அங்கே உட்காருங்கள். தமிழ்ப் புத்தகம் இரண்டு எடுத்துப் போய்க் கொடுத்தால் இன்னும் நல்லது.

இந்த மலையில் நீலக்குறிஞ்சி அடுத்துப் பூப்பது 2030இல். 2006இல் கொட்டக்கம்பூர், வட்டவடைப் பகுதியில் 32 சதுர கிலோமீட்டரைக் குறிஞ்சிக்கான சரணாலயமாக அறிவித்தார்கள். பூக்கிற ஆண்டில் வண்டிகள் வரிசைகட்டும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் போங்கள், அறுவடை நடக்கும். வரப்பைத் தவிர வேறெங்கும் கால் வைக்காதீர்கள். படமெடுக்கும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஜீப் வாடகைக்கும் ஸ்ட்ராபெரி ஜாமுக்கும் செலவழிப்பதில் ஒரு பகுதியைக் காய்கறிக்கும் பூண்டுக்கும் ஒதுக்குங்கள். விளைவித்தவர் வீட்டுத் திண்ணையிலேயே வாங்குங்கள். அவர் சொல்கிற விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள்.